நாவலாசிரியருக்கு வாசகர் தரவேண்டியது

ஒரு நாவலைப் படித்து முடித்துக் கீழே வைக்கும் வாசகர் உள்ளத்தில் முதன்முதலாக எழுவது ஒரு வழக்கு. "அந்தப் பெண்ணை ஏன் இப்படி அலைக்கழித்தார்? அவனைச் சாகவிடாமல் காப்பாற்றியிருக்கலாகாதா? பெற்ற தாய் இப்படியும் நடப்பாளா?" என்று அவர் ஆசிரியரோடு மனத்துக்குள் வாதாடத் தொடங்குகிறார். கற்றறிந்தோர் சிலர் இதைக் கேட்டு நகைப்பர். கதையை மெய்யென்று நம்பிவிட்ட பாமரத்தனம் என்பர். ஆசிரியர் பயிற்சியில் நாமெல்லாம் நாவலைக் கதைக்கரு, கதைப்பின்னல், பாத்திரப் படைப்பு, பின்னணி, மொழிநடை எனக் கூறு கூறாகப் பிரித்துப் பார்க்கக் கற்றவர்கள். அந்தக் கூறுகளில் எதிலும் மேற்சொன்ன வழக்குக்கு இடமில்லை. ஆயினும், நாவல் செழித்த இடங்களிலெல்லாம் அதை வளர்த்தவற்றுள் இந்த வழக்கும் ஒன்று என்பதும், நம் நாட்டில் தமிழ் நாவல் தளர்ந்து நடப்பதற்கு இவ்வழக்கு இல்லாமற்போனதும் ஒரு காரணம் என்பதும் என் கருத்து.

தமிழ் நாவல் தோன்றிய சில ஆண்டுகளிலேயே இதழ்களில் புகுந்துவிட்டது. 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' நூலாக வந்தது. 1893இல் ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வரத் தொடங்கிற்று. தொடராக வரும் நாவலில் எழுதுகோலின் மை உலருமுன்னரே வாசகர் குரல் ஆசிரியர் காதில் விழுகிறது. அக்குரலுக்கு அவர் செவி சாய்ப்பதா, சாய்ப்பதாயின் எம்மட்டும் என்பது அன்றுதொட்டு இருந்துவரும் சிக்கல். அதே 1893ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் கானன் டாயில் தம் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். வாசகர்கள் பொறுக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1903இல், "அவர் சாகவேயில்லை" என்று காரணம் கற்பித்து அவரை மீட்டுக்கொண்டு வந்தார். வாசகர் வென்றார், ஆசிரியர் பணிந்தார். இஃது ஒரு வகை. இதைப் பெருமைப்படத்தக்க வகை என்று நான் எண்ணவில்லை.

கல்கி பணிந்தவரல்லர், விருந்தோம்பியவர். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது. நான்கு ஆண்டுகள் ஒரு குடும்பத்தோடு பழகியவர்களைத் திடீரென்று வாசலில் நிறுத்திக் கதவடைத்தாற்போல் கதை முடிந்ததாகப் பலர் குறைப்பட்டனர். அவர் கதையைத் திருத்தவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, இன்னின்னாருக்குப் பின்னாளில் இன்னின்னது நேர்ந்தது என்று, ஊருக்குப் போனவர்களைப்பற்றி உறவினருக்குச் செய்தி சொல்வதுபோல் சொல்லி விடைகொடுத்தார். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதை மட்டும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லாமலே விட்டார். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு தமிழர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள். 2022லும் 2023லும் அந்நாவல் திரைப்படமாக இரு பாகங்களில் வந்தபோது, எங்கள் ஆசிரியர் அறையிலேயே அந்த வழக்கு மூன்று நாள் நடந்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதி முடித்த நூலுக்கு இது சிறிய பேறன்று.

நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வாசகர் வேறு விதமாக விடை எழுதினார்கள். பூரணி என்றும் அரவிந்தன் என்றும் தம் மக்களுக்குப் பெயர் வைத்தார்கள். அரவிந்தனை ஆசிரியர் சாகவிட்டார். வாசகர்கள் அவனைத் தம் தொட்டிலில் இட்டுத் தாலாட்டினார்கள். இதனை வெறும் மயக்கம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியரின் தீர்ப்பை மறுக்க வழியறியாத வாசகர் செய்த எளிய மேல்முறையீடு அது.

மு. வரதராசனாரிடமோ வாசகர் மாணாக்கராகச் சென்றனர். மலாயாத் தமிழாசிரியர் தலைமுறை ஒன்று அவருடைய நாவல்களில் கோடிட்டுப் படித்தது, கோடிட்டவற்றைக் கையேட்டில் எழுதி வைத்தது, வகுப்பில் எடுத்துரைத்தது. 'தம்பிக்கு', 'தங்கைக்கு' என்று அவர் எழுதிய கடித நூல்களுக்கும், 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'அகல் விளக்கு' நாவலுக்கும் இடையே அத்தலைமுறை பெரிய வேறுபாடு காணவில்லை. இரண்டிலும் பேசுபவர் மு.வ. ஐயா. ஐயாவோடு யார் வழக்காடுவார்? அவருடைய தூய தமிழும் நல்லெண்ணமும் நம் பள்ளிகளுக்குச் செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், நாவலைத் திறந்தவுடன் அறிவுரையைத் தேடும் பழக்கம் நம்மிடம் ஊன்றியது அவ்வழியில்தான். மு.வ. அன்பர்கள் என்மீது சினங்கொள்ளற்க.

இனி, வாசகர் தொடுத்த வழக்கு ஒன்று ஒரு பெருநாவலாகவே மாறிய வரலாற்றைச் சற்று நின்று பார்க்கலாம்.

1966இல் 'ஆனந்த விகட'னில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை வெளிவந்தது. மழை பெய்யும் மாலையில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் கல்லூரிப் பெண்ணைக் காரில் வந்த ஒருவன் ஏற்றிக்கொண்டு போகிறான். உலகறியாத அந்தப் பெண்ணுக்குக் கேடு நேர்கிறது. வீடு திரும்பி அழுதுகொண்டே தாயிடம் சொல்கிறாள். தாய் விதவை, மகனை அண்டி வாழ்பவள். முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். அப்புறம் தன்னை அடக்கிக்கொண்டு, மகளைக் குளியலறைக்குக் கொண்டுபோய்த் தலையில் நீர் ஊற்றி, அந்த நீரையே தீயாகக் கருதிக்கொள்ளச் சொல்லி, நீ தூயவள் என்று தேற்றிவிடுகிறாள். யாருக்கும் தெரியாமல் அந்த இரவு முடிந்துபோகிறது. கதையும் முடிகிறது.

வாசகர் உலகம் இரண்டுபட்டது. ஒழுக்கக் கேட்டுக்கு நியாயம் கற்பிக்கிறார் என்றனர் ஒரு சாரார். நம் நாட்டில் எந்தத் தாயும் இவ்வாறு செய்யமாட்டாள், இது பொய் என்றனர் மற்றொரு சாரார். கதையின் முடிவை மாற்றி எழுதிப் பார்த்தவர்களும் இருந்தனர். இவற்றுள் முதலாவது, சினம். அதற்கு மறுமொழி வேண்டியதில்லை. இரண்டாவது, இலக்கிய வழக்கு. "இது நடக்குமா?" என்று கேட்பவர் கதையைக் கதை என்றறிந்தே, அஃது உலகியலோடு பொருந்துகிறதா என்று உரசிப் பார்க்கிறார். பொற்கொல்லர் பொன்னை உரசுவது பொன்னை இகழ்வதற்காகவா?

ஜெயகாந்தன் வாதத்துக்கு அஞ்சுகிறவரல்லர் என்பதை அவர் மேடைப் பேச்சைக் கேட்டவர் அறிவர். ஆயினும் அவ்வழக்குக்கு அவர் தந்த சிறந்த விடை வாதமன்று, நாவல். 'காலங்கள் மாறும்' என்னும் பெயரில் 'தினமணி கதி'ரில் தொடராக வந்து, 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று நூலான அந்நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அதில் அவர் செய்தது என்ன? வாசகர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார். எந்தத் தாயும் நீர் ஊற்றித் தேற்றமாட்டாள் என்றீர்களே. நல்லது, நீங்கள் கேட்ட தாயையே தருகிறேன் என்று கனகம் என்பவளைப் படைத்தார். கனகம் கூச்சலிடுகிறாள். அக்கம்பக்கம் கூடுகிறது. அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமன் வீட்டில் அடைக்கலம் கிடைக்கிறது, படிப்பும் கிடைக்கிறது. அந்த அடைக்கலத்துக்குள்ளேயே மாமனின் கெட்ட எண்ணமும் காத்திருக்கிறது. கங்கா படித்து, உத்தியோகம் பார்த்து, தாயை உடன் வைத்துக்கொண்டு, யாரையும் நம்பாதவளாக வாழ்கிறாள். வாசகர் விரும்பிய "உண்மை" அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை வாசகரே பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியதாயிற்று.

இதனினும் நுட்பமான ஒன்றையும் அவர் செய்தார். ஆர்.கே.வி. என்ற எழுத்தாளரை நாவலுக்குள் கொண்டுவந்து, 'அக்கினிப் பிரவேசம்' என்னும் கதையை அவர் எழுதியதாகவே அமைத்தார். கங்கா அதைப் படிக்கிறாள். தன் கதை! மழையும் காரும் எல்லாம் தன் கதை. நீர் ஊற்றும் தாய் மட்டும் தன் தாய் அல்லள். அந்தக் கதை கனகத்தின் கைக்கும் போகிறது. ஒரே கதையை இரு வாசகர் படிக்கும் இந்த இடத்தை ஆசிரியப் பெருமக்கள் மறுமுறையும் படித்துப் பார்க்க வேண்டுகிறேன். வெளியே இருந்த வாசகர் "இப்படி ஒரு தாய் இருப்பாளா?" என்று கேட்டார். உள்ளே இருக்கும் வாசகி, "எனக்கு ஏன் இப்படி ஒரு தாய் இல்லை?" என்று கேட்கிறாள். தாயோ, தான் செய்யாமற்போனதை அச்சில் காண்கிறாள். அந்தச் சிறுகதை நடந்ததைச் சொல்லவில்லை. சொல்லாததனாலேயே அவ்விருவரையும் சுடுகிறது. நடக்குமா, நடக்காதா என்று உரசிப் பார்த்த வாசகருக்கு, நடக்காத ஒன்றும் மெய்யைக் காட்டக்கூடும் என்று இந்த இடத்தில் விடை கிடைக்கிறது. கட்டுரையில் இதைச் சொல்லியிருந்தால் நாம் தலையசைத்துவிட்டு மறந்திருப்போம்.

கங்கா எழுத்தாளரைத் தேடிச் செல்வதும் நோக்கத்தக்கது. வாசகர்கள் பொதுவாக எதை நாடி எழுத்தாளரிடம் செல்கிறார்கள்? சிலர் கையெழுத்து வாங்க, சிலர் ஆறுதல் பெற, சிலர் தம் வாழ்க்கைக் கதையைச் சொல்லி "இதை எழுதுங்கள்" என்று கேட்க. கங்கா இவற்றுள் எதற்காகவும் போகவில்லை. தன் வாழ்வைக் குலைத்தவன் யார் என்று அறிந்து அவனைத் தேடிக் கண்டுபிடிக்க அவளுக்கு அந்த எழுத்தாளர் பயன்படுகிறார். அதன்பின் அவள் வழி வேறு. அவர் அவளுக்கு வழிகாட்டியாக வந்து நிற்பதில்லை. எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இருக்கத்தக்க உறவின் அளவை இதைவிடச் சரியாக வரையறுத்த தமிழ் நாவலை நான் படித்ததில்லை.

நாவலில் எனக்குக் குறை இல்லாமலில்லை. மாமன் வெங்கட்ராம ஐயரின் தீமை, படிப்பவர் எளிதில் வெறுத்து ஒதுக்குவதற்கு வாய்ப்பாக, மிகவும் வெளிப்படையாக வரையப்பட்டிருக்கிறது. கனகத்தைப்போல் அவரும் நம்மைச் சற்றுக் குழப்பியிருக்க வேண்டும். பாத்திரங்கள் சில இடங்களில் ஜெயகாந்தன் குரலில் நெடும்பேச்சுப் பேசுகிறார்கள். கங்கா குடிப்பழக்கத்தில் வீழ்ந்து தனியே நிற்கும் முடிவைப்பற்றி வாசகர் மறுபடியும் வழக்குத் தொடுத்தது இயல்பே. 1977இல் பீம்சிங் இயக்கத்தில் படமாக வந்தபோது, கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார். வழக்கு இன்னும் பரவியது. 1978இல் 'கங்கை எங்கே போகிறாள்' என்ற தொடர்ச்சியும் வந்தது. முதல் நாவலின் உறுதி அதில் இல்லை என்பது என் மதிப்பீடு.

வாசகரின் வழக்கு வழிதவறுவதும் உண்டு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்த நாவல். அதன் முடிவில் காளி என்ன ஆனான் என்பது வாசகர் ஊகத்துக்கு விடப்பட்டது. அந்த ஊகத்தின் இரு கிளைகளையும் தனித்தனியே பின்பற்றி 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என்று இரு நாவல்களை 2014இல் ஆசிரியர் எழுதினார். கல்கியின் முடிவுரை எங்கே, இது எங்கே! அதே ஆண்டின் இறுதியில் திருச்செங்கோட்டில் அந்நாவலுக்கு எதிர்ப்பு மூண்டது. நூல் எரிக்கப்பட்டது. 2015 சனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. 2016 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நாவலின் சில பக்கங்களை மட்டும் படியெடுத்துக் கைக்குக் கை கொடுத்து மூட்டிய எதிர்ப்பு அது. முழு நூலையும் படித்தவர் தொடுக்கும் வழக்கையே நான் இக்கட்டுரையில் வாசகர் வழக்கு என்கிறேன்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே இவ்விரண்டும் அரிது. நாவலை எரிப்பாரும் இலர். நாவலோடு மல்லுக்கு நிற்பாரும் இலர். இருப்பது நூல் வெளியீட்டு விழா. தலைவர் உரை, வாழ்த்துரை, பொன்னாடை, மாலை; முதல் நூல் பெறுபவர் ஓர் உறையை நீட்டுவார்; மற்றவர் வரிசையில் நின்று தத்தம் உறையை நீட்டுவர். இதை இழித்துப் பேச எனக்கு உரிமையில்லை. அச்சுச் செலவை ஆசிரியரே ஏற்கின்ற சூழலில் அந்த உறைகள் இல்லையேல் பாதி நூல்கள் வெளிவந்தே இரா. ஆயினும், விருந்துக்குப் போனவர் மொய் எழுதிவிட்டு உண்ணாமல் வந்தாற்போல், வாங்கிய நூல் அலமாரிக்குப் போய்விடுகிறது. மறு மாதம் ஆசிரியரைச் சந்தைக்கடையில் பார்த்தால் "விழா சிறப்பாக இருந்தது ஐயா" என்கிறோம். நாவலைப்பற்றி ஒரு சொல் இல்லை. தப்பித்தவறிப் படித்தவர் கேட்பதோ, "அந்தக் கங்காணி யார், எங்கள் தாத்தாவா?" என்பது. சிறிய சமூகத்தில் எழுத்தாளரும் வாசகரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாயிருப்பதன் விளைவு இது. முகத்துக்கு நேரே குறை சொல்ல நாணுகிறோம். முகத்தைக் கதையில் கண்டால் சினக்கிறோம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1950, 1951ஆம் ஆண்டுகளில் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். எழுதப் பழகுவோரின் கதைகளை வாங்கி, படித்து, குறையைக் குறையென்றே அச்சில் சொன்னார்கள். அதே நாளிதழில் 1950களில் பணியாற்றிய கு. அழகிரிசாமியும் இங்குள்ள எழுத்தாளர்களைக் கூட்டி வைத்துப் பேசியவர். நம் முன்னோடி எழுத்தாளர் பலர் அந்தக் கண்டிப்பில் பயின்றவர்கள். 1924இல் தொடங்கிய அந்நாளிதழ் 2019இல் நின்றுபோயிற்று. அந்தக் கண்டிப்பு அதற்கு நெடுநாள் முன்னரே நின்றுவிட்டது.

வழக்குத் தொடுக்கத்தக்க நாவல்கள் நம்மிடம் இல்லாமலா போயின? சப்பானியர் ஆட்சியில் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில்பாதை போடப்பட்டது. தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம்மவர் ஆயிரமாயிரமாக அங்கே மடிந்தனர். அதைப்பற்றி ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். ஒரே துயரம், இரு நாவல்கள். இங்கே வாசகர் கேட்கவேண்டிய கேள்வி ஜெயகாந்தனைக் கேட்டது போன்றதன்று. "எங்கள் பாட்டனார் சொன்னது வேறு, நீங்கள் ஏன் இதை விட்டீர்கள்?" என்று கேட்கும் தகுதி நம் தோட்டத்து வாசகருக்குத் தவிர உலகில் வேறு யாருக்கு உண்டு? மலேசியா வந்து பார்த்துச் சென்ற அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதியபோதும் அப்படியே. பால்வெட்டுக்கு விடியுமுன் எழுந்த தலைமுறை அந்நாவலை உரசிப் பார்த்திருக்க வேண்டும். எவ்வளவு பேர் எழுதி அனுப்பினோம்? இரயில்பாதைக்குப் போய்த் திரும்பியவர்கள் ஏறக்குறைய எல்லாரும் மறைந்துவிட்டனர். அவர்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் அவர்களோடு போயின. இப்போது கேட்கக்கூடியவர்கள், அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த நாம்தாம்.

இடைநிலைப் பள்ளியில் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர் குறைவு. அக்குறைந்த மாணவருக்கும் நாவலைக் குறிப்பேடாக்கித் தருகிறோம். "ஆசிரியர் இந்நாவல்வழி உணர்த்தும் படிப்பினைகள் ஐந்து" என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, ஆசிரியரை எதிர்த்து ஒரு கேள்வி கேட்கலாம் என்றே தோன்றாது. தேர்வு முறையை நாம் மாற்ற இயலாது, உண்மைதான். ஆனால் பாடத்துக்கு நாற்பது நிமிடம் இருக்குமாயின், அதில் பத்து நிமிடத்தை "இவள் செய்தது உனக்கு ஏற்புடையதா? இல்லையென்றால் ஏன்?" என்ற ஒரு கேள்விக்கு ஒதுக்க யாரும் தடை விதிக்கவில்லை. பிள்ளைகள் முதலில் ஆசிரியர் முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் பேசத் தொடங்கினால் மணியடித்தாலும் நிறுத்தமாட்டார்கள்.

நூல் வெளியீட்டு விழா எடுக்கும் மன்றங்களுக்கு ஒன்று சொல்வேன். விழா நடக்கட்டும், உறைகளும் வரட்டும். மூன்று மாதம் கழித்து அதே நூலுக்கு மற்றொரு கூட்டம் வையுங்கள். படித்தவர் மட்டும் வரவேண்டும். மாலையும் பொன்னாடையும் வேண்டா. நாவலாசிரியர் கடைசி அரைமணி நேரம்வரை வாய் திறக்கக்கூடாது. இந்த யோசனையை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "ஏழு பேர்தாம் வருவார்கள்" என்றார். ஏழு நாற்காலிகளும், ஆசிரியர் குறித்துக்கொள்ள ஒரு கட்டுத் தாளும் போதும். பள்ளி நூலகத்தைச் சனிக்கிழமை காலையில் திறந்துவிட நான் இசைகிறேன்.